குடும்பப்பெயரின் பொருள்: அகராதி மரபின் பயனும் எல்லையும்

மக்கட்பெயராய்வில் குடும்பப்பெயர் அகராதிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் கேம்டன் 1605இல் வெளியிட்ட நூலிலேயே குடும்பப்பெயர்களுக்கெனத் தனிப்பகுதி ஒன்று அமைந்திருந்தது. சார்லஸ் பார்ட்ஸ்லி தொகுத்த அகராதி 1901இலும், பி.எச். ரீனியின் அகராதி 1958இலும் வெளிவந்தன. 2016இல் வெளியான ஆக்ஸ்போர்டு அகராதி பிரித்தானிய, அயர்லாந்துக் குடும்பப்பெயர்களுள் 45,000க்கும் மேற்பட்டவற்றுக்கு விளக்கம் தருகிறது. நானூறு ஆண்டுகள் கடந்த இம்மரபு முழுவதையும் இயக்கிவரும் வினா ஒன்றே: இப்பெயரின் பொருள் யாது? இவ்வினா எழுப்பப்படும் முறையிலேயே ஒரு பிழை உறைந்துள்ளது என்பதும், அப்பிழை மொழியியலோடு நின்றுவிடாமல் இனம், சாதி, சமயம் பற்றிய முடிவுகளுக்கும் கால்கோளாகிறது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

மேலை அகராதியாளர் குடும்பப்பெயர்களைப் பெரும்பாலும் நான்கு வகையுள் அடக்குவர். ஊர் அல்லது இடம் பற்றியன, தந்தை பெயர் பற்றியன, தொழில் பற்றியன, உருவமோ இயல்போ பற்றிய பட்டப்பெயர்கள் என்பன அவை. இப்பகுப்பு தமிழ் பயின்றார்க்குப் புதியதன்று. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்து நிலம், குடி, வினை, உடைமை, பண்பு முதலியவற்றின் அடியாகப் பிறக்கும் பெயர்களைச் சுட்டுகிறது. சங்கப் புலவர் பெயர்களும் இவ்வகைகளுக்கு நல்ல சான்றுகளாகும். கோவூர் கிழார் என்பதில் ஊரும், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் ஊரோடு தொழிலும், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் தந்தையும் சுட்டப்படுகின்றனர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் பெயரிலோ ஊர், சேரி, உடற்குறை, இயற்பெயர் ஆகிய நான்கும் ஒருங்கே நிற்கின்றன. அகராதியாளரின் நான்கு வகையுள் இரண்டனை ஒரே புலவர் தம் பெயரில் தாங்கி நிற்பது சுவையான செய்தியே.

ஆயினும் இவ்வொப்புமை ஓர் அடிப்படை வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அறுவை வாணிகன் என்ற அடைமொழி இளவேட்டனாரின் மகனுக்கும் பேரனுக்கும் உரிமையாகவில்லை. ஆடை விற்றவரை அது குறித்தது, அவரோடு முடிந்தது. இங்கிலாந்தில் டெய்லர் எனும் பெயர் தாங்கியவர் பல தலைமுறைகளாக ஊசியைத் தொட்டிராதவராகவும் இருக்கலாம். முன்னது பொருளுள்ள அடைமொழி. பின்னது அப்பொருளை இழந்தபின்னரே குடும்பப்பெயராயிற்று. தையற்காரரின் மகன் உழவனாகிய நாளில் அவனையும் ஊரார் டெய்லர் என்றே அழைத்தனர் எனில், அந்நாளே அக்குடும்பப்பெயர் பிறந்த நாள். அகராதி கூறும் பொருள் அதற்கு முந்தைய நாளுக்கு உரியது. எனவே சொல்லின் பிறப்பும் குடும்பப்பெயரின் பிறப்பும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒன்றற்கு உரிய சான்றை மற்றொன்றற்குக் காட்டுவது பொருந்தாது.

தொழிற்பெயர்களின் ஏமாற்று

ஸ்மித் என்பது இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது. கொல்லன் என அதற்குப் பொருள் கூறுவதில் எவ்வகை ஐயமும் இல்லை. ஐயம் அப்பெயர் தாங்கியவரின் முன்னோரைப் பற்றியது. அயர்லாந்தில் 'கொல்லனின் மகன்' எனப் பொருள்படும் மாக் கவான் என்னும் கேலிக் மொழிப் பெயரினர் பலர் ஆங்கில ஆட்சியில் ஸ்மித் ஆயினர்; சிலர் மெக்கோவன் என ஒலிபெயர்ப்போடு நின்றனர். அமெரிக்கா சென்ற செருமானியருள் ஷ்மிட் என்போர் பலரும் ஸ்மித் ஆயினர். எனவே ஒரே பெயரின்கீழ் ஆங்கிலேயர், ஐரியர், செருமானியர் என மூவகை மரபினர் உளர். இவர்களுள் ஆங்கிலேயர்க்கு அது பட்டறையிலிருந்து வந்தது. ஏனையோர்க்கு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. அகராதியின் 'கொல்லன்' என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

கிங், போப், பிஷப் ஆகிய பெயர்கள் இன்னும் தெளிவான சான்றுகள். இப்பெயரினர் எவரும் அரசர் வழியிலோ போப்பாண்டவர் வழியிலோ வந்தவர் அல்லர். விழாக் கூத்துகளில் அவ்வேடம் புனைந்தவர்க்கும், அவர்தம் மாளிகைகளில் ஏவல் செய்தவர்க்கும், நடையில் செருக்குக் காட்டியவர்க்கும் ஊரார் இட்ட பட்டங்களாக இவற்றை ஆய்வாளர் விளக்குவர். ஈண்டுச் சொற்பொருளுக்கும் பெயர்க்காரணத்துக்கும் இடையே ஒரு நகைப்பே நிற்கிறது. வெப்ஸ்டர், பேக்ஸ்டர், புரூஸ்டர் என்பனவற்றின் ஈறு பழைய ஆங்கிலத்தில் பெண்பாலுக்கு உரியது. நெய்பவள், அப்பம் சுடுபவள், மது வடிப்பவள் என்பன அவற்றின் முதற்பொருள்கள். ஆடவர் பெயர்களாகவே இவை நிலைத்துவிட்டன. பெண்டிர் உழைப்பின் வரலாற்றை ஆராய்வார்க்கு இவ்வீறு ஒரு தடயமாகும். ஆயினும் இன்னாருடைய பாட்டி நெய்தாள் என்பதற்கு அது சான்றாகாது.

வேல்சு நாட்டுப் பெயர்கள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. அங்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனப் பல தலைமுறையினரையும் 'மகன்' என்னும் பொருளுடைய 'ஆப்' என்ற சொல்லால் கோத்துக் கூறுவது வழக்கம். வேல்சு, 1536இலும் 1543இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் இங்கிலாந்தின் நீதிமுறைக்குள் வந்தபின், இந்நீண்ட கோவை ஆங்கில எழுத்தர்க்கு இடையூறாயிற்று. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் எனவும், ஆப் ஹவெல் என்பது பவெல் எனவும், ஆப் ஹாரி என்பது பாரி எனவும் குறுகின. பிரைஸ் என்பதற்கு ஆங்கிலத்தில் 'விலை' எனும் பொருள் உண்மையால், வணிகத் தொடர்பு கற்பிக்கும் பாமர விளக்கம் எளிதில் பிறக்கும். ஒலி ஒத்ததனாலேயே பொருளும் ஒக்கும் எனக் கொள்வதன் கேடு இது. பின்னர்க் காணவிருக்கும் கொரியப் பெயர்ச் சிக்கலும் இத்தகையதே.

வகைப்பாடு ஆணையாதல்

நால்வகைப் பகுப்பு ஆய்வாளர் பின்னாளில் கண்டறிந்தது என்றே பொதுவாகக் கருதப்படும். 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்கு உட்பட்ட பகுதியில் வாழும் ஐரியர் ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்றை ஏற்கவேண்டும் என அச்சட்டம் விதித்தது. எத்தகைய பெயர் என்பதையும் அதுவே வகுத்துரைத்தது. சட்டன், செஸ்டர், டிரிம், கார்க் போன்ற ஊர்ப்பெயர், வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற நிறப்பெயர், கொல்லன், தச்சன் போன்ற தொழிற்பெயர், சமையற்காரர் போன்ற பணிப்பெயர் ஆகியவற்றுள் ஒன்றனை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அகராதியாளர் வகைப்படுத்திக் காட்டும் பட்டியல் ஈண்டு ஆட்சியாளர் இட்ட பட்டியலாகக் காட்சியளிக்கிறது. இச்சட்டத்தின்படி ஒருவர் வெள்ளை என்ற பெயரை ஏற்றிருப்பின், அவர் நிறம் பற்றி அப்பெயர் எதுவும் கூறாது. அவர் ஆட்சிக்கு அடங்கினார் என்பதை மட்டுமே அது கூறும்.

ஐரோப்பிய யூதர் பெயர்களிலும் இந்நிலையைக் காணலாம். ஹாப்ஸ்பர்க் பேரரசில் இரண்டாம் ஜோசப் 1787இல் பிறப்பித்த ஆணை, தம் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் நிலையான குடும்பப்பெயரை ஏற்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. பிரான்சில் நெப்போலியன் 1808இலும், பிரஷ்ய அரசு 1812இலும் இத்தகைய ஆணைகளைப் பிறப்பித்தனர். 'ரோசாப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் ரோசன்தால், 'பொன்மலை' எனப் பொருள்படும் கோல்டுபர்க் முதலிய கூட்டுப்பெயர்கள் இச்சூழலில் பெருகின. இவற்றுள் பலவற்றில் பள்ளத்தாக்கும் இல்லை, மலையும் இல்லை. இரண்டு இனிய சொற்களின் புணர்ச்சி மட்டுமே உண்டு. கையூட்டுக் கொடுத்தவர்க்கு அழகிய பெயரும் கொடாதவர்க்கு இழிந்த பெயரும் அலுவலர் வழங்கினர் என்னும் கதை மிகப் பரவலானது. கார்ல் எமில் பிரான்சோஸ் என்னும் எழுத்தாளர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய கட்டுரை இக்கதை பரவக் காரணமாயிற்று. அலெக்சாண்டர் பைடர் உருசியப் பேரரசு (1993), போலந்து அரசு (1996), கலீசியா (2004) ஆகிய பகுதிகளின் யூதப் பெயர்களைத் தொகுத்தபோது, இழிபெயர்கள் மொத்தத்தில் சிறுபான்மையே எனக் காட்டி, கதையின் பொதுமையை ஐயுற்றார். பைடரின் சிறப்பு, பெயர்களை மாவட்டவாரியாகப் பிரித்து வழங்கிடம் சுட்டியதில் உள்ளது. ஒரு பெயர் எங்கே, எந்த ஆணையின்கீழ் எழுதப்பட்டது என அறிந்தபின்னரே அதன் பொருளை வினவுதல் தகும் என்னும் முறையியல் அவருடைய தொகுப்புகளில் செயற்பட்டுள்ளது.

பிலிப்பைன்சு நாட்டில் ஆணை இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளவேரியா 1849 நவம்பர் 21ஆம் நாள் பிறப்பித்த ஆணையின் வழியாக ஏறத்தாழ 60,000 பெயர்களைக் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்று மாநிலந்தோறும் அனுப்பப்பட்டது. பட்டியலின் பக்கங்கள் ஊர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டமையால், சில பகுதிகளில் ஓர் ஊரார் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கலாயின. அல்பாய் மாநிலத்தின் ஓவாஸ் என்னும் ஊரில் 'ஆர்' என்னும் எழுத்தே முதலாக அமைந்த பெயர்கள் மிகுந்திருப்பது இதற்குப் பலரும் காட்டும் சான்று. நான்கு தலைமுறையாக ஒரு பெயரைத் தாங்கி வந்ததாக மெய்ப்பித்தோர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வரி, நீதி, மணவுறவுத் தடை ஆகியவற்றில் எழுந்த குழப்பமே ஆணைக்குரிய காரணமாகக் கூறப்பட்டது. இவ்வூர்ப் பெயர்களுக்கு ஸ்பானிய அகராதியைப் புரட்டிப் பொருள் கூறுவதைவிட, அவ்வூருக்குக் கிடைத்த தாளின் எண்ணைக் கூறுவது பொருத்தமான விளக்கமாகும். ஸ்பானியப் பெயர் தாங்கியமையால் ஸ்பானியக் குருதி உண்டு எனக் கொள்வதற்கும் இங்கு இடமில்லை.

துருக்கியின் 2525ஆம் எண் சட்டம் 1934 ஜூன் 21இல் நிறைவேறி, 1935 ஜனவரி 2இல் நடைமுறைக்கு வந்தது. பதவி, குலம், அயல்நாட்டு இனம் ஆகியவற்றைச் சுட்டும் பெயர்களை அது தடைசெய்தது. அதனையொட்டிய விதிகள் யான், ஓஃப், புலோஸ் முதலிய அயல்மொழி ஈறுகளையும் விலக்கின. கயா (பாறை), தெமிர் (இரும்பு), இல்மாஸ் (அஞ்சாதவன்), ஓஸ்துர்க் (தூய துருக்கியர்) முதலியன பெருவழக்கு எய்தின. துருக்கியர் அல்லாத குடிகளும் துருக்கிச் சொல்லையே ஏற்க நேர்ந்தமையால், ஓஸ்துர்க் என்னும் பெயர் இனச்சான்றாக நிற்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது, ஐயத்தையே எழுப்புகிறது.

அந்நாட்டின் இரு தனிப்பெயர்கள் கோட்பாட்டு நோக்கில் குறிப்பிடத்தக்கன. முஸ்தபா கமாலுக்கு 1934 நவம்பர் 24இல் நாடாளுமன்றம் அத்தாதுர்க் என்னும் பெயரை வழங்கியது. பிறர் எவர்க்கும் அப்பெயர் உரியதன்று என்றானமையால் அவர்தம் உடன்பிறந்தாளும் அத்தாதான் என்னும் வேறு பெயரையே ஏற்றார். குடும்பத்தார்க்கு உரிமையாகாத குடும்பப்பெயர் என இதனைக் கூறலாம். வகைப்பாட்டில் இதற்கு இடமில்லை. அவருடைய வளர்ப்பு மகளருள் ஒருவரான சபிஹா கோக்சென் உலகின் முதற் பெண் போர் விமானிகளுள் ஒருவராகப் புகழ் பெற்றவர். கோக் என்பதற்கு வானம் என்பது பொருள். விமானியானமையால் இப்பெயர் வந்தது எனக் கேட்போர் உடனே கருதுவர். ஆயின் அவர்க்குப் பெயர் இடப்பட்டது 1934 டிசம்பரில். வானூர்திப் பயிற்சியில் அவர் நாட்டம் கொண்டது அதற்கடுத்த ஆண்டில். பொருளும் வாழ்வும் இவ்வளவு அழகாகப் பொருந்தியவிடத்தும் காரணம் தலைகீழாக இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. இப்பெயர் வழங்கப்பட்ட நாள் தெரிந்திராவிடின் அகராதிகள் எவ்விளக்கத்தை எழுதியிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கதே.

அரசுதான் காரணமா?

மேற்கூறிய சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கிய ஜேம்ஸ் ஸ்காட், 1998இல் வெளியான தம் நூலிலும், வேறு இருவரோடு இணைந்து 2002இல் எழுதிய கட்டுரையிலும், நிலையான குடும்பப்பெயர் அரசின் படைப்பு என நிறுவ முயன்றார். வரி தண்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் வழக்குத் தீர்க்கவும் குடிமக்களைப் பிரித்தறிய வேண்டிய அரசு, ஊர்க்குள் மட்டும் விளங்கும் பெயர்களை விலக்கித் தன் ஏட்டில் விளங்கும் பெயர்களைத் திணித்தது என்பது அவர் வாதம். அகராதி மரபினும் இவ்வாதம் ஒருபடி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பெயரின் பொருளை விட்டுப் பெயரிடும் கையை நோக்குமாறு அது பணித்தது.

எனினும் இவ்வாதமும் முற்றும் ஏற்கத்தக்கதாக இல்லை. அயர்லாந்தில் மாக், ஓ என்னும் முன்னொட்டுகளோடு கூடிய குடிப்பெயர்கள் 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே தலைமுறை உரிமையாயின. அவற்றைத் திணிக்க வல்ல நடுவண் அரசு அக்காலத்து அங்கில்லை. கால்வழிப் பெருமையும் நிலவுரிமையுமே காரணங்கள். மறுதலையாக, விரிவான நிலப்பதிவேடுகளைப் பேணியும் குடும்பப்பெயர் தோற்றுவிக்காத ஆட்சி தமிழகத்திலேயே இருந்தது. சென்னை மாகாணத்தின் இரயத்துவாரி முறை, நிலம் உடைய ஒவ்வோர் உழவரையும் தனித்தனியே பெயர் எழுதிப் பட்டா வழங்கியது. தனிமனிதரை இத்துணை நெருங்கி எண்ணிய ஓர் ஆட்சிக்கு ஊர், தந்தை பெயர், தன் பெயர் ஆகிய மூன்றே போதுமாயிருந்தன. அதற்கும் முற்பட்ட சோழர் காலத்தை நோக்கினும் இதுவே நிலை. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மாட்சுய் ஆகியோர் 1978இல் தொகுத்தளித்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவில் ஊர்ப்பெயரோடு உடையான், கிழான் எனச் சேர்ந்து வரும் பெயர்களும், மூவேந்தவேளான் என முடியும் பட்டங்களும் நிறைந்துள்ளன. நிலத்தையும் பதவியையும் காட்டிய இவை, இன்று நாம் வழங்கும் பொருளில் குடும்பப்பெயர்களாக இறுகவில்லை.

ஆகவே எழுதும் அரசு எதுவும் குடும்பப்பெயரை ஆக்கியே தீரும் என்பதற்கில்லை. எழுதும் தாளில் எந்தக் கட்டங்கள் உள்ளன என்பதே முடிவு செய்கிறது. ஐஸ்லாந்து இதனை உறுதிப்படுத்தும். தந்தை பெயரோடு சோன், தோத்திர் எனச் சேர்த்து வழங்கும் அந்நாடு 1925இல் புதிய குடும்பப்பெயர் ஏற்பதைச் சட்டத்தால் தடுத்தது. தொலைபேசிப் பட்டியலையும் இயற்பெயர் வரிசையிலேயே அமைத்துக்கொண்ட அந்நாட்டில் வரியும் தவறவில்லை, நீதியும் தடைப்படவில்லை. மங்கோலியா எதிர்த்திசையில் சென்றது. 1920களில் குலப்பெயர்களை விலக்கிய நாடு 1990களில் அவற்றை மீண்டும் வேண்டியபோது, தம் பழம்பெயரை மறந்தவர் பலர் செங்கிஸ்கானின் குலமாகிய போர்ஜிகின் என்பதைத் தமதாக்கினர். 1981இல் விண்வெளி சென்ற அந்நாட்டு வீரரோ 'பேரண்டம்' எனப் பொருள்படும் சொல்லைத் தெரிந்துகொண்டார். மறைக்கப்பட்ட பொருள் எதுவுமின்றி, சொற்பொருளும் பெயர்க்காரணமும் ஒன்றாக நிற்கும் அரிய குடும்பப்பெயர் இது.

இந்தியப் பெயர்கள்: பொருளும் நோக்கமும்

இந்தியாவில் குடும்பப்பெயரைச் சாதியின் சுருக்கமாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வுகளிலும் ஊடுருவியுள்ளது. இவ்வழக்கம் பல இடங்களில் தடுமாறுகிறது. மஜும்தார் என்பது வருவாய்க் கணக்குப் பேணியவரைக் குறிக்கும் பாரசீக வழிப் பதவிப்பெயர். வங்கத்தில் இந்துக்களும் இசுலாமியரும் இதனைத் தாங்குகின்றனர். சர்க்கார், தாலுக்தார் என்பனவும் அத்தகையனவே. மராட்டியத்தில் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்து வழங்கும் பெயர்களுள் சில ஒரே தலைமுறையில் தெரிந்துகொள்ளப்பட்டவை; நாடகக் கலைஞர் தீனாநாத், கோவாவின் மங்கேஷி ஊர்ப் பற்றினால் மங்கேஷ்கர் எனும் பெயரை ஏற்றதை யாவரும் அறிவர். ஊர்ப்பெயர் ஆனமையாலேயே அது தொன்மையானது எனக் கொள்ள முடியாது.

காந்தி என்னும் பெயர் தனியே நோக்கத்தக்கது. குசராத்தியில் நறுமணப் பொருளும் பலசரக்கும் விற்பவரை அது குறிக்கும். தம் முன்னோர் தொடக்கத்தில் அத்தொழில் செய்தனர் போலும் எனவும், பாட்டனார் காலம் முதல் திவான் பதவி வகித்தனர் எனவும் காந்தியடிகளே தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். திவானின் மகனைப் பலசரக்கு வாணிகன் எனும் சொல்லால் உலகம் அழைத்தது. அச்சொல்லின் பொருளை எவரும் எண்ணவில்லை. அதே பெயர் பார்சிக் குடும்பத்தில் பிறந்த பெரோஸ் காந்திக்கும் வாய்த்தது. இவ்விரு குடும்பங்களுக்கும் உறவில்லை. குசராத்தி பேசிய இரு வேறு சமூகங்களில் ஒரு தொழிற்சொல் தனித்தனியே குடும்பப்பெயரானது என்பதே உண்மை. பெரோஸை மணந்ததனால் அப்பெயர் நேருவின் மகளைச் சேர்ந்தது. வாணிகம், சமயம், மணம் ஆகிய மூன்று வழிகளில் பயணம் செய்த இப்பெயருக்கு அகராதி தரும் விளக்கம் இரண்டு சொற்களுக்கு மேல் இராது.

சிங் என்பதற்குச் சிங்கம் என்பது பொருள். இவ்விளக்கம் சரியானது, ஆயினும் பயனற்றது. 1699இல் கால்சா நிறுவப்பட்டபோது ஆடவர்க்கு உரியதாக அப்பெயர் வகுக்கப்பட்டதன் நோக்கம், குலம் காட்டும் பின்னொட்டுகளை ஒரே பொதுப்பெயரால் மறைப்பதாகும். அதற்கு முன்னரே இராசபுத்திரர் அதனை வழங்கினர் என்பதையும் கருதின், சொல் ஒன்றாக இருக்க, நோக்கம் எதிர்மறையாதல் புலப்படும். ஓரிடத்தில் அது குலப்பெருமையைக் காட்டியது. மற்றோரிடத்தில் குலத்தை அழித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தபோது வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. கால்சா பின்னொட்டை மாற்றியது. செங்கல்பட்டு பின்னொட்டை நீக்கியது. நீக்கிய இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும் வழக்கமே போதுமென விடப்பட்டது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை என்பதைக் குறைபாடாகக் கூறுவோர், அவ்வின்மையின் ஒரு பகுதி முயன்று பெற்றது என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஒலியொப்புமை

தமிழாய்வாளர் கவனம் கொள்ளவேண்டிய பிறிதொன்று உண்டு. கொரிய மக்களுள் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோர் கிம் என்னும் பெயரினர். 'பொன்' எனப் பொருள்படும் சீன எழுத்தால் அது எழுதப்படும். ஆயினும் கிம் என்பது மட்டும் ஒருவரின் குடியைக் காட்டாது. கிம்ஹே கிம், கியோங்ஜு கிம் எனக் குடியின் மூலவூரையும் சேர்த்தே கூறுவர். கிம்ஹே கிம் குடியின் முதல்வர் சூரோ மன்னர் எனவும், கி.பி. 48இல் ஆயுதா நாட்டிலிருந்து கடல் வழியே வந்த இளவரசியை அவர் மணந்தார் எனவும் சம்குக் யூசா என்னும் நூல் கூறுகிறது. ஆயுதாவை அயோத்தி என்பாரும், தமிழக ஊர்களோடு இணைப்பாரும் உளர். இரு சாராரும் ஒலியையே பற்றி நிற்கின்றனர். அந்நூல் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரியோன் என்னும் துறவியால் தொகுக்கப்பட்டது; நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இடைப்பட்ட காலத்தில் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டது, பௌத்தத் தொடர்பால் அதில் நேர்ந்த மாற்றம் யாது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல், ஒலிப்பொருத்தத்தைக் குருதிப்பொருத்தமாக்குதல் ஆய்வு நெறியன்று. வேல்சுப் பிரைஸை வணிகர் ஆக்கும் பாமர விளக்கத்தை நகையாடுவோர், தம் மொழி சார்ந்த விளக்கத்திலும் அதே அளவுகோலைக் கையாளவேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் குடும்பப்பெயராதல்

தமிழ்ப் பெயர்கள் நிலைபேறுடைய குடும்பப்பெயராக மாறிய இடங்கள் தமிழகத்திற்கு வெளியே தெளிவாகக் காணக்கிடக்கின்றன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விழைவோர்க்கு வழி திறந்தது. அவ்வாறு ஏற்போர் நிலையான குடும்பப்பெயர் ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். இவ்வியக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'வாயில்' எனப் பொருள்படும் லாபோர்த் என்னும் பிரெஞ்சுப் பெயரை ஏற்றார். சாதிப்பட்டம் நீங்கிய இடத்தில் பிரெஞ்சுச் சொல் அமர்ந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்திற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, வேறொரு நோக்கத்தோடு, இது நிகழ்ந்துள்ளது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுந்த ஆய்வு தமிழில் போதிய அளவு இல்லை.

நேட்டாலில் நிகழ்ந்தது வேறு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்குச் சென்றனர். கப்பற் பதிவேடுகளில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவற்றுக்கு நிரல்கள் இருந்தன. குடும்பப்பெயருக்கு நிரல் இல்லை. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே வழங்கும் குடும்பப்பெயர்களை நோக்கின் இந்நிரல்களின் தடத்தைக் காணலாம். கவுண்டர் என்பது கோவெண்டர் எனவும், முதலி என்பது மூட்லி எனவும், பிள்ளை, நாயுடு என்பன பில்லே, நாய்டூ எனவும் ஆங்கில எழுத்தில் உறைந்தன. முனிசாமி, பெருமாள், சின்னசாமி போன்ற இயற்பெயர்கள், தந்தையின் பெயராக எழுதப்பட்டவை, பேரர்க்கும் அவர்தம் மக்களுக்கும் குடும்பப்பெயராயின. தாயகத்தில் சாதிப்பட்டம் துறக்கப்பட்ட காலத்தில் அங்கு அது பொருள் நீங்கி ஒலியாக நிலைத்தது என்பது வரலாற்றின் முரண். கோவெண்டர் என்னும் பெயரை மட்டும் கொண்டு இன்று ஒருவரின் சாதியை உறுதிசெய்ய முயல்வது, ஸ்மித்தின் வீட்டில் உலைக்களம் தேடுவதை ஒக்கும்.

இக்காலத்தும் இம்மாற்றம் நின்றுவிடவில்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்க்கு அமெரிக்க நுழைவிசைவில் அப்பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடப்பட்டு, இயற்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் குறுக்கமான எஃப்என்யு என்னும் எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன. பெற்றோர் இட்ட பெயர் முழுமையாக அறியப்பட்டிருந்தும் அறியப்படாதவர் ஆகின்றார் அவர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடைய வருகையாளர்க்கு நுழைவு மறுத்தது. இத்தடைகளைத் தவிர்க்கத் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுவோர் பலர். அதன் விளைவாக அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் மகள் தன் தந்தையின் பெயரால் விளிக்கப்படுகிறாள். அவள் மக்களுக்கோ அது பாட்டனாரின் பெயர். நேட்டாலில் மூன்று தலைமுறையில் நடந்தது இங்கு ஒரு விண்ணப்பத்தில் நடந்துவிடுகிறது.

2003இல் பேட்ரிக் ஹாங்க்ஸ் பதிப்பித்த அமெரிக்கக் குடும்பப்பெயர் அகராதி இவ்விடத்தில் பாராட்டத்தக்கது. சுப்பிரமணியன் போன்ற பெயர்களுக்கு முருகனைச் சுட்டும் சொற்பொருள் கூறியதோடு அது அமையவில்லை. தாயகத்தில் இஃது இயற்பெயர் மட்டுமே என்பதையும், தென்னிந்தியர் குடும்பங்களிடையே அமெரிக்காவில்தான் குடும்பப்பெயராயிற்று என்பதையும் சேர்த்துக் கூறுகிறது. சொல் எங்குப் பிறந்தது, குடும்பப்பெயர் எங்குப் பிறந்தது என்னும் இரண்டும் அவ்விளக்கத்தில் தனித்தனியே பிரிக்கப்பட்டுள்ளன. ஸ்மித், கிங் முதலியவற்றுக்கு அம்முறை இன்னும் சீராகக் கையாளப்படவில்லை.